மூன்றாவது வளைவில் நின்றவர்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டை யாரும் தொட முடியாது. பிரான்ஸ் தேசத்தை மூன்று வாரம் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம் அப்போதுதான் நடக்கும். சமவெளியில் ஓட்டும் நாட்களில் நான் பாட்டுக்குக் கீரை ஆய்வேன், துணி மடிப்பேன். மலை ஏறும் நாள் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்துகொண்டு குறைதான் சொல்வேன். இவர்களெல்லாம் என்ன ஏறுகிறார்கள், காதில் ஒரு கருவி, பின்னால் ஒரு கார், வழவழவென்று தார் ரோடு. அந்தக் காலத்தில் கல்லிலும் சேற்றிலும் ஏறினார்களே, அதுவல்லவா ஏற்றம் என்பேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் மகள் ஒருநாள், "அந்தக் காலத்தை நீ எங்கேம்மா பார்த்தே?" என்று கேட்டுவிட்டாள்.

நியாயமான கேள்வி. அவையெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் ஏறிய ஏற்றங்கள். இருந்தாலும் அவற்றை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, இழந்துவிட்ட சொந்த வீட்டை நினைப்பது மாதிரி இருக்கிறது. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் மாமாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மாமா என் அப்பாவின் தங்கையைக் கட்டிக்கொண்டவர். காரைக்கால்காரர். ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அங்கே பள்ளிக்கூடம் போனவர். அந்தப் படிப்புக்கு டில்லியில் ஓர் அமைச்சகத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்திருந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்ததால், அவரும் அத்தையும் கோல் மார்க்கெட்டில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எழுபதுகளின் கடைசி அது, எனக்குப் பத்து வயது.

ஆபீசில் மாமா வாயைத் திறக்க மாட்டார் என்று அப்பா சொல்வார். வீட்டில் மலையைப் பற்றி ஆரம்பித்தால் மூட மாட்டார். கலிபியே என்று ஒரு மலை. துர்மாலே என்று ஒன்று. வான்தூ என்று ஒன்று, அதன் தலையில் ஒரு புல்கூட முளைக்காதாம், வெள்ளைக் கல்லாகவே கிடக்குமாம். எந்த மலையில் எத்தனை வளைவு, எந்த வளைவில் காற்று எதிரே வந்து நெஞ்சில் அடிக்கும், எந்த இடத்தில் யார் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்போது ஓட்டுகிறவர்கள் மீது அவருக்கு மரியாதையே கிடையாது. "இப்ப இருக்கிறவன்லாம் கணக்குப் போட்டு ஏறுறான் பாப்பா. அப்ப ஏறுனவன் உசுரக் குடுத்து ஏறுனான்" என்பார். அந்த மாதிரி ஏறியவர்களில் ஒருவனை அவர் பெயர் சொல்லியே குறிப்பிட்டதில்லை, "நம்ம ஆள்" என்பார். ரொம்ப நாள் நான் அந்த வீரன் காரைக்கால் பக்கத்து ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதைகளிலெல்லாம் பெரிய கதை மாமா அவனை நேரில் பார்த்தது. வாலிபத்தில் மாமா பிரான்சில் கொஞ்ச நாள் இருந்தாராம். கலிபியே மலையில், உச்சிக்கு முந்தைய மூன்றாவது வளைவில், இடது பக்கம், ஆறு மணி நேரம் நின்றாராம். ஜூலை மாதமாக இருந்தும் ரோட்டோரம் பனிக்கட்டி. மழை வேறு. எல்லோரையும் விட்டுப் பிரிந்து தன்னந்தனியாக நம்ம ஆள் வந்தான். முகமெல்லாம் சேறு. மலை ஏறும்போது வியர்த்துப்போன உடம்பு. அப்படியே அடுத்த பக்கம் இறங்கினால் குளிர்காற்று நெஞ்சைப் பிளந்துவிடும். அதனால் உச்சியை நெருங்குகிறவர்களுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பழைய செய்தித்தாளை நீட்டுவார்கள். அதை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்குவார்கள். மாமா நீட்டிய தாளைத்தான் நம்ம ஆள் வாங்கினான். வாங்கியவன் ஒரு கணம் மாமாவின் கண்ணைப் பார்த்து, நன்றி என்று அவர்கள் பாஷையில், மெர்சி என்றான்.

இந்தக் கதையை மாமா எத்தனை தடவை சொன்னாலும் நான் கேட்பேன். "எந்தக் கையால வாங்கினான் மாமா?" என்று தெரிந்தே கேட்பேன். "இடது கை" என்பார். அப்பா தன் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரிப்பார். அத்தை மட்டும் இந்தக் கதை வரும்போது ஏதாவது ஒரு வேலையை நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

டில்லியில் மலை கிடையாது. சீமைக்கருவேலங்காடு மூடிய ஒரு பாறை மேடு உண்டு, அதை ரிட்ஜ் என்பார்கள். அந்த மேட்டை வெட்டிக்கொண்டு சங்கர் ரோடு ஏறி இறங்குகிறது. அந்தப் பக்கம் ராஜேந்திர நகர், பட்டேல் நகர். இந்தப் பக்கம் சர்க்கார் ஆபீஸ்கள். அந்த நாளில் குமாஸ்தாக்கள் எல்லோரும் சைக்கிள்தான். காலையில் எட்டரைக்கு மேல் அந்த ஏற்றத்தில் நூற்றுக்கணக்கில் வருவார்கள். கேரியரில் டிபன் டப்பா, தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், கையால் பின்னிய ஸ்வெட்டர். மிதித்து மிதித்து மேலே வந்து, மூச்சு வாங்கி, தல்கட்டோரா பக்கம் சரசரவென்று இறங்குவார்கள். ஜனவரிப் பனியில் அந்த இறக்கம் சாதாரணமானதல்ல.

மாமாவுக்கு அந்த வருஷம் என்ன தோன்றியதோ, எனக்குக் குளிர்கால லீவு விட்ட மறுநாள் காலை, அம்மா பழைய பேப்பர்க்காரனுக்கென்று கட்டி வைத்திருந்ததில் பாதியை எடுத்துத் தன் சைக்கிள் கேரியரில் வைத்தார். அதன் மேல் என்னை உட்கார வைத்தார். இரண்டு பேருமாக ரிட்ஜ் உச்சிக்குப் போனோம்.

முதல் நாள் யாரும் வாங்கவில்லை. எலெக்ஷன் நோட்டீஸ் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு சர்தார்ஜி மட்டும் காலை ஊன்றி நின்று, பேப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாவூஜி, யே தோ கல் கா ஹை" என்று திருப்பி நீட்டினார். நேற்றைய பேப்பரை எனக்கு எதற்குத் தருகிறாய் என்று அவருக்கு வருத்தம். மாமா ஹிந்தி பேசினால் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து கலவரம் நடக்கும். அதனால் பேசவில்லை. தாளை இரண்டாக மடித்து, சர்தார்ஜியின் ஸ்வெட்டரைக் கழுத்தோரம் இழுத்து, உள்ளே செருகி, இரண்டு தட்டுத் தட்டி விட்டார். சர்தார்ஜி திகைத்துப்போய் அப்படியே இறங்கிப் போனார். மறுநாள் தூரத்திலிருந்தே கையை நீட்டிக்கொண்டு வந்தார். கூட நாலு பேரை அழைத்து வந்தார்.

ஒரு வாரத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான்தான் கத்துவேன். "அல்லே, அல்லே" என்று கத்த வேண்டும், போ போ என்று அர்த்தம், அங்கே அப்படித்தான் கத்துவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். குமாஸ்தாக்களும் ஏறி வரும்போதே "அல்லே பாவூஜி" என்று பதில் கொடுக்க ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக ஒரு கனத்த மனிதர் வருவார், ஃபைல்களைக் கயிறு போட்டுக் கேரியரில் கட்டிக்கொண்டு. மாமா இருபது அடி ஓடிப் போய் அவருடைய சீட்டைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டு வருவார். அப்படித் தள்ளலாமா என்று கேட்டேன். "தள்ளக் கூடாது பாப்பா, ரூல் இல்ல. ஆனா கடைசியா வர்றவனத் தள்ளுனா நடுவர் வேற பக்கம் பாத்துக்குவாரு" என்றார். மூச்சு இரைக்க, மூக்கு சிவக்க, பனிக்குள் நின்று அவர் அப்படிச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு பெருமை அடிக்காமல் இருக்க எனக்கு என்ன பைத்தியமா? எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபிப் பெண் இருந்தாள். என் வகுப்பு. என்னைவிட ஒரு ரேங்க் முந்தியவள், அதனால் ஜென்ம விரோதி. அவளிடம் நம்ம ஆள் கதையைச் சொன்னேன். உன் மாமா பொய் சொல்கிறார் என்றாள். மாமாவின் அண்ணன் பிரான்சிலேயே இருக்கிறார், அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறார், வந்து நீயே கேட்டுக்கொள் என்றேன். சாட்சி அந்த தேசத்திலிருந்தே வருகிறது என்றதும் அவள் முகம் கொஞ்சம் தொங்கியது. அது எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.

அண்ணன் வந்தார். காரைக்காலில் சொல்தா என்பார்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிப் பென்ஷன் வாங்குகிறவர்களை. அவர் ஒரு சொல்தா. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிற வழியில் டில்லியில் ஒருநாள் தங்கினார். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, மாமாவின் அதே மூக்கு, மாமாவைப்போல் இரண்டு மடங்கு உடம்பு. மாமா அவர் எதிரே சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். இலையில் இதை வை அதை வை என்று அத்தையை விரட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் பஞ்சாபிப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதவருகே நிறுத்தினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும். அண்ணனைப் பார்த்து, "மாமா கலிபியே மலையில நம்ம ஆளுக்குப் பேப்பர் குடுத்தாரே, அப்ப நீங்களும் பக்கத்துல நின்னீங்களா பெரிய மாமா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே மாமாவைப் பார்த்தார். "எவன் குடுத்தான்? இவனா? இவன் எங்க பிரான்சுக்கு வந்தான்?" என்றார்.

மாமா தலையைத் தூக்கவில்லை. அண்ணனே தொடர்ந்தார்.

"நாந்தான் ஒருக்கா போனேன். கேம்ப்ல இருந்த பசங்க இழுத்துக்கிட்டுப் போனானுங்க. ஆறு மணி நேரம் மழையில நின்னோம். ஒரு நிமிஷத்துல எல்லாரும் போயிட்டானுங்க. காலு மரத்துப்போச்சு. அதுக்கு மேல ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"மூணாவது வளைவுண்ணே" என்று மாமா இலையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "இடது பக்கம். பேப்பர நீட்டுனீங்க, வாங்கிக்கிட்டான். எனக்கு எழுதுனீங்க."

"நான் எழுதுனேனா? சும்மா உன்னச் சந்தோஷப்படுத்த எழுதியிருப்பேன்" என்று அண்ணன் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "இவன் வந்திருக்கலாம் மாப்ள. ஊர இந்தியாவுக்குக் குடுத்தப்ப ஆறு மாசம் கெடு வச்சாங்க. அதுக்குள்ள ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இவனும் பிரெஞ்சுப் பிரஜை. ரயிலேறி மலைமலையாப் பாத்திருப்பான். பொண்ணு வீட்ல கடல் தாண்டிப் போறவனுக்குக் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. இவனும் கெடு முடியிற வரைக்கும் சும்மா உக்காந்துட்டான்."

பெண் வீடு என்றால் எங்கள் வீடு. அப்பா சாதத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ரசக் கரண்டியோடு நின்ற அத்தை சமையலறைக்குள் போனாள். பால் பொங்கியிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வேறு அவசரம். பஞ்சாபிப் பெண் என் கையைக் கிள்ளி, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "போல் ரஹே ஹைன் கி சச் ஹை" என்றேன். உண்மைதான் என்று சொல்கிறார். "இவரும் பக்கத்தில்தான் நின்றாராம். கண்ணால் பார்த்தாராம்" என்று ஹிந்தியில் தொடர்ந்தேன். அதோடு விடாமல், இடது கையால்தான் வாங்கினானாம் என்றும் சேர்த்துவிட்டேன். அவள் நம்பிவிட்டாள். மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். மாமாவுக்கு ஹிந்தி பேசத்தான் வராது, நன்றாகப் புரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணன் ரயிலேறிப் போன பிறகு, மாமா தன் அறையில் மறுநாளைக்கான பேப்பர்களை மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நிலைப்படியில் நின்றேன்.

"நீங்க அங்க போனதே இல்லையா?"

"இல்ல பாப்பா."

"அப்புறம் ஏன் போனேன்னு சொன்னீங்க?"

கையிலிருந்த பேப்பரை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். "அந்த லெட்டர நிறையத் தடவ படிச்சுட்டேன் பாப்பா. முதல்ல அண்ணன் நின்னாருன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். எப்ப நான் போயி நின்னேன்னு தெரியல. இப்ப நெனச்சாக்கூட எனக்குக் கால் சில்லுனு இருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் ஹிந்திதான் வரும். "ஆப் ஜூட்டே ஹைன்" என்றேன். நீங்கள் பொய்யர். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அந்தப் பஞ்சாபிப் பெண் வாசலில் நின்று, நம்ம ஆளுக்கு எத்தனை வயது என்று கேட்க, நான் கூசாமல் இருபத்தைந்து என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார் என்பதுதான் என் ஆத்திரம். மாமா "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு நான் அவருடன் ரிட்ஜுக்குப் போகவில்லை. லீவில் இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது. ஐந்து நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோடையில் சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். பிறகு நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டோம், ஆனால் மலையைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. வயது வந்து, புத்தி வந்து, கேட்க வேண்டும் என்று ஆசை வந்தபோது அவர் இல்லை. இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் அந்த மலையில் யார் யாரோ ஏறுகிறார்கள். உச்சிக்கு முந்தைய மூன்றாவது வளைவு வரும்போது எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். இடது பக்கம் கூட்டமாக நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். எனக்கு அந்த ஐந்து காலைகளைத் திருப்பிக் கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

அந்த ஐந்தில் முதல் காலையைச் சொல்ல வேண்டும். மாமா கேரியரில் பேப்பரைக் கட்டிவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றார். "பாப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டார். நான் ரஜாய்ப் போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிறவள்போல் மூச்சு விட்டேன். சற்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு சமையலறையில் ஸ்டவ் அணைகிற சத்தம் கேட்டது. அத்தை அந்த நேரத்தில் ஸ்டவ்வை அணைத்து நான் பார்த்ததில்லை. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புடவைக்கு மேலே மாமாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, செருப்புக்குள் சாக்ஸோடு அத்தை வாசலுக்கு வந்தாள். "நில்லுங்க, நானும் வர்றேன்" என்றாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பேப்பர் கட்டைக் கேரியரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்காரும் இடத்தில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் பனிக்குள் போய் மறைந்தது.

அத்தை ஒருநாளும் அங்கே போனதில்லை. வழியில் அவரை நன்றாகத் திட்டித் திருப்பி அழைத்து வரத்தான் போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர்கள் வர நேரமாக ஆக, இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.